மக்டொனால்ட்ஸ் உண்மையில் எதை விற்கிறது?

வணக்கம். பர்கர் விற்றுத்தான் மக்டொனால்ட்ஸ் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்றால், அது பாதிக் கதை. மீதி காணியில் இருக்கிறது. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ சாப்பாட்டுக் கடை போட நினைப்பவர்கள் அந்த மீதியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

(திரையில்: தரையில் சோக்கால் கீறிய சமையலறை)

1948, கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைப் பூட்டி, வேலை முறையையே மாற்றினார்கள் ரிச்சர்ட், மொரிஸ் மக்டொனால்ட் சகோதரர்கள். நீண்ட உணவுப் பட்டியல் ஒன்பதாகச் சுருங்கியது. பர்கர் 15 சதம். புதிய சமையலறையை டென்னிஸ் மைதானத்தில் சோக்கால் கீறி, வேலையாட்களை அதற்குள் நடக்க விட்டார்கள். ஒருவர் இறைச்சி வாட்ட, ஒருவர் பணிஸில் சோஸ் பூச, இன்னொருவர் சுற்றிக் கொடுக்க வேண்டும். ஆளோடு ஆள் முட்டக் கூடாது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1954இல் மில்க்ஷேக் இயந்திரம் விற்கும் ரே க்ரொக் அங்கே வந்தார். ஒரே கடைக்கு எதற்கு எட்டு இயந்திரம் என்று பார்க்க வந்தவர், அடுத்த வருடம் சிக்காகோவுக்குப் பக்கத்தில் தன் முதல் கிளையைத் திறந்தார். 1961இல் சகோதரர்களின் உரிமையை 27 லட்சம் டொலருக்கு வாங்கினார்.

சரி, காசு எங்கே? தொடக்கத்தில் கிளை நடத்துபவர்களின் விற்பனையில் க்ரொக்கின் கம்பனிக்குக் கிடைத்தது 1.9 வீதம். அதிலும் 0.5 வீதம் சகோதரர்களுக்குப் போனது. வழி காட்டியவர், க்ரொக்கின் கம்பனியில் நிதியைக் கவனித்த ஹரி சொனெபோர்ன். கம்பனியே இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, கிளைக்காரருக்குக் கூடிய வாடகைக்குக் கொடுக்கட்டும் என்றார். இன்றைக்குக் கிளைகளில் ஏறத்தாழ 95 வீதத்தை வெளியாட்களே நடத்துகிறார்கள். அவர்களிடமிருந்து வரும் வாடகை, விற்பனைப் பங்கை விட அதிகம்.

(திரையில்: முறிகண்டி, ஏ9 வீதி)

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியைப் பாருங்கள். பஸ் நிற்கும், சனம் இறங்கித் தேங்காய் உடைக்கும், கச்சான் பையோடு திரும்ப ஏறும். அங்கே வியாபாரத்தைக் கொண்டுவருவது இடம். அப்படிப்பட்ட இடங்களைத் தேடித் தேடிக் கையில் வைத்துக்கொண்டதுதான் அந்தக் கம்பனி.

ஆனால் வன்னியில் பல காணிகள் அனுமதிப்பத்திரக் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள். பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. அதனால் இரண்டாவது கிளைக்கு இடம் பார்க்கும்போது முதலில் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உறுதியா, அனுமதிப்பத்திரமா? உறுதி என்றால், குத்தகையை வருடக் கணக்கோடு நொத்தாரிசிடம் எழுதிக்கொள்ளுங்கள். அடுப்பு வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.