த்ரெட் பிளக் கேஜ்: கோ எப்படி இறங்க வேண்டும், நோ-கோ எங்கே நிற்க வேண்டும்

[திரையில்: எம்10 × 1.5, 6ஹெச் பிளக் கேஜ்]

வணக்கம். ஓட்டைக்குள் வெட்டிய மரை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் கருவிதான் த்ரெட் பிளக் கேஜ். இது 10 மி.மீ. போல்டுக்கான மரைக்கு; 1.5 என்பது பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்; 6ஹெச் என்பது அளவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதற்கான குறி. இந்தக் கேஜில் நீளமான முனை கோ, அது முழுக்க இறங்க வேண்டும். சிவப்பு அடையாளம் போட்ட குட்டை முனை நோ-கோ, அது முழுக்க இறங்கக் கூடாது.

முதலில் ஓட்டையைச் சுத்தம் செய்யுங்கள். டேப், அதாவது மரை வெட்டும் கருவி, போட்டதும் மரைக்குள் பிசிறும் கூலன்டும் தங்கிவிடும். மெஷினில் இருந்து சூடாக இறங்கிய பீஸை ஆறவிடுங்கள். கேஜ் அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கு வகுத்தவை.

[அண்மைக் காட்சி: கோ முனை சுற்றுகிறது]

கோ முனையை விரலால் சுற்றினாலே மரையின் முழு நீளத்துக்கும் இறங்க வேண்டும். இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பேனர் போட்டுத் திருகுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். அலுமினியம் மாதிரி மென்மையான உலோகத்தில் அப்போது கேஜே டேப்பாகி மரையை அறுத்துவிடும். கேஜின் முன்பக்க மரைகளும் தேயும். தேய்ந்த கோ, இறுக்கமான ஓட்டையிலும் சுகமாக இறங்கும். கடைசியில் அசெம்பிளியில் போல்ட் சிக்கிக்கொள்ளும்.

[காட்சி: நோ-கோ முனை]

நோ-கோ துளிகூட நுழையக் கூடாது என்று நினைத்து நல்ல பீஸை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஐஎஸ்ஓ 1502 தரப்படி இரண்டு சுற்று வரை நுழையலாம். அதற்கு மேல் போனால் ரிஜெக்ட். மறுபக்கம் திறந்த ஓட்டை என்றால் இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள்.

[திரையில்: பிட்ச் விட்டம் 9.026 – 9.206 மி.மீ.]

இப்போது சொல்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். நோ-கோ பார்ப்பது பிட்ச் விட்டத்தை மட்டும்தான், அதாவது மரையின் பல்லும் பள்ளமும் சம அகலத்தில் இருக்கும் இடத்து விட்டத்தை. 8.5 டிரில் போட வேண்டிய இடத்தில் யாராவது 9 போட்டுவிட்டால் மரையின் உயரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனால் கோ இறங்கும், நோ-கோ நிற்கும், பீஸ் பாஸ் ஆகிவிடும்! அதனால் உள் விட்டத்தை, அதாவது 8.376 முதல் 8.676 வரை, மரை இல்லாத சாதா பிளக் கேஜால் தனியாகப் பாருங்கள்.

[காட்சி: மைக்ரோமீட்டர், மூன்று கம்பிகள்]

சரி, கேஜையே யார் சோதிப்பது? பிளக் கேஜுக்கு மூன்று கம்பி முறை இருக்கிறது: மரைப் பள்ளங்களில் கம்பிகளை வைத்து அவற்றின் மேல் மைக்ரோமீட்டரால் அளப்பது. 1.5 பிட்சுக்கு ஏற்ற கம்பி 0.866 மி.மீ. கோவின் முன்பக்க மரைகளில் கட்டாயம் அளந்து பாருங்கள், தேய்மானம் அங்கேதான் தொடங்கும். போல்டின் வெளிமரையைப் பார்க்கும் ரிங் கேஜைச் சோதிக்க, அதற்கென்றே செக் பிளக் உண்டு.

கீழே விழுந்த கேஜைத் துடைத்துவிட்டு அப்படியே வேலைக்கு எடுக்காதீர்கள். தனியாக எடுத்து வைத்து, சோதித்த பிறகே லைனுக்கு அனுப்புங்கள்.