சொந்தம் விட்டுப்போவது நேரமில்லாமல்தான்!

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் அண்ணன் அவர்களே, காணும் பொங்கல் அன்று ஒகேனக்கல்லுக்குக்கூடப் போகாமல் தருமபுரியில் இந்தப் பந்தலுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சொந்தபந்தம் விட்டுப்போவது மனம் இல்லாததாலா, நேரம் இல்லாததாலா என்பது தலைப்பு. நேரம் இல்லாததால்தான் என்று பேச வந்திருக்கிறேன். அண்ணன் பேசும்போது, "ரீல்ஸ் பார்க்க நேரம் இருக்கிறது, ஆயாவுக்கு ஒரு போன் போட நேரம் இல்லையா?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளினார். நானும்தான் தட்டினேன். ஆனால் அந்தப் பையன் ரீல்ஸ் எப்போது பார்க்கிறான் என்று அண்ணன் விசாரித்தாரா? இரண்டாவது ஷிப்ட் முடிந்து, நடுராத்திரி கம்பெனி பஸ்ஸில், கண் சொருகச் சொருகப் பார்க்கிறான். அந்த நேரத்தில் ஆயாவுக்குப் போன் போட்டால் பேரனுக்குப் பாசம் பொங்குகிறது என்று ஆயா நினைக்காது. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

மாசி, பங்குனி வந்தால் நம்ம பக்கம் புளி தட்டுகிற காலம். திண்ணையில் சாக்கை விரித்து நாலு பேர் உட்காருவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தெறித்து விழும். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. தாத்தாவுக்குத் தாத்தா அரூர் பக்கத்திலிருந்து ஏன் கிளம்பி வந்தார், எந்தப் பஞ்சத்தில் எந்தக் காடு கைமாறியது, எந்தப் பங்காளியோடு எந்த வாய்க்கால் தகராறில் பேச்சு நின்றது, எல்லாம் அங்கேதான் பிள்ளைகள் காதில் விழுந்தது. குடும்ப வரலாறு சொல்கிறேன் வா என்று யாரும் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. பிள்ளைகள் கொட்டை பொறுக்கிக்கொண்டு அங்கேயே கிடந்தார்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்தப் பேத்தி ஓசூர் பக்கம் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறாள். செல்போனுக்குப் பாகம் செய்கிற வேலை. அவளுடைய செல்போனோ வாசலில் லாக்கருக்குள் இருக்கிறது. ஆயா போன் போடுகிறது, லாக்கருக்குள் அடித்துக்கொண்டே கிடக்கிறது. இதில் யாருக்கு அண்ணே மனம் இல்லை? ஆயாவுக்கா, பேத்திக்கா, லாக்கருக்கா?

பிள்ளைகளுக்குத் தாத்தாவின் அப்பா பெயர்கூடத் தெரியவில்லை, மனம் இருந்தால் தெரிந்துகொள்வார்கள் என்றார் அண்ணன். வேடியப்பன் என்று நாம் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோமே, அந்தக் கற்களில் பல நடுகற்கள். மாடு மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு நட்ட கல் உண்டு. ஆயிரம் வருஷம் தாண்டியவையும் உண்டு. எந்த அரசன் காலம், இறந்தவன் யாருடைய ஆள், எதற்காகச் செத்தான் என்று எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஒருத்தனை மறக்காமல் இருக்க, கல்லைத் தேடி, நீராட்டி, செதுக்கி, நட்டுப் படைத்திருக்கிறார்கள். பாசம் மட்டும் இருந்து அதற்கு நாள் கிடைக்காமல் போயிருந்தால், அந்தக் கல் இன்னும் மலையிலேயே கிடந்திருக்கும்.

அப்புறம் அதியமானை இழுத்தார். அவன் ஆண்ட தகடூர்தானே இந்தத் தருமபுரி, இந்த மண்ணில் நின்றுகொண்டு இழுக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு நாள் போனாலும் பல நாள் போனாலும் முதல் நாள் மாதிரியே வரவேற்றான் என்று ஔவையார் பாடியிருக்கிறார், அதுதான் மனம் என்றார். புறநானூற்றில் அது 101-ஆவது பாட்டு. அண்ணன் ஒரு பாட்டு முன்னால் புரட்டியிருந்தால் என் கட்சிக்கு வந்திருப்பார்.

நூறாவது பாட்டில் அதியமானுக்கு மகன் பிறந்திருக்கிறான். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஆறாத பச்சைப் புண். அந்தக் கோலத்திலேயே பிள்ளையைப் பார்க்க வந்து நிற்கிறான். மனம் குறைச்சலா அவனுக்கு? ஆனால் ஔவையார் என்ன பாடுகிறார்? பகைவரைப் பார்த்த கண், மகனைப் பார்த்தும் சிவப்பு மாறவில்லை என்கிறார். படித்தவர்கள் இதை வீரம் என்பார்கள். சரி, வீரம்தான். பிள்ளை பெற்றவன் படித்தால் வேறொன்றும் தெரியும். களத்துக்கும் தொட்டிலுக்கும் நடுவில் அந்தக் கண் ஆற ஒரு பொழுது கிடைக்கவில்லை. பெங்களூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுகிறானே நம்ம ஆள், அவன் கண்ணும் அதே கண்தான். ஆசையாக ஓடிவந்த பிள்ளை மேலேயே எரிந்து விழுகிறான்.

மனம் மட்டும் போதும் என்றால் மே நாள் எதற்கு? எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியதில் பிறந்த நாள் அது. 1923-லேயே தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். 2023 ஏப்ரலில், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுக்கும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே முதல் தேதியே வாபஸ் என்று அறிவித்தார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது வீட்டுக்குப் போகிற நேரத்தை.

நேரம் இருந்தும் வராதவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். சொத்துப் பிரிக்கும் அன்றைக்கு மட்டும் லீவு கிடைக்கிற மாமன் மச்சான்களை எனக்கும் தெரியும். அவர்களை எதிரணிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அண்ணன் வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. போகிக்கு முந்தின ராத்திரி ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பஸ்களில் நிற்க இடம் இருந்ததா? படிக்கட்டில் தொங்காத குறையாக வந்தவர்கள்தானே இந்தப் பந்தலில் பாதிப் பேர்? அதற்கு முந்தின வாரம் வரைக்கும் மனமே இல்லாமல் இருந்தவர்களுக்கு, லீவு விட்ட அன்றைக்கு மட்டும் திடீரென்று மனம் முளைத்துவிட்டதா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அண்ணன் மேற்கொண்டு பேசட்டும். வண்டி வண்டியாக இன்னும் வைத்திருக்கிறேன்... இதோ, நடுவர் மணி அடித்துவிட்டார். எனக்கு மனம் இருக்கிறது நடுவர் அவர்களே, நீங்கள்தான் நேரம் தரமாட்டேன் என்கிறீர்கள். தீர்ப்பில் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.