கியர் செட்டில் கம்பெனி கலக்கலாமா? கண்மாய்க்கரையில் ஒரு கணக்கு

வணக்கம் நண்பர்களே. கானாடுகாத்தான் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் நிற்கிறேன். காற்று அதிகமாக அடிக்கிறது, அதனால் மைக்கைச் சட்டைக்குள் செருகி வைத்திருக்கிறேன். குரல் தெளிவாகக் கேட்கும் என்று நம்புகிறேன். மவுண்டன் பைக்கின் கியர் செட்டில் வெவ்வேறு கம்பெனிப் பொருட்களைக் கலக்கலாமா, கூடாதா? அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள். ஹேண்டில்பாரில் இருக்கும் ஷிஃப்டர், அதாவது கியர் மாற்றும் லீவர், ஷிமானோ கம்பெனியின் டியோரே, 10 ஸ்பீட்; பின்னால் பத்து கியர் என்று அர்த்தம். செயினை ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் பின் டெரெய்லியரும் அதே டியோரே. பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட் சன்ரேஸ், 11-42; சின்னதில் 11 பல், பெரியதில் 42 பல். செயின் கேஎம்சி. முன்னால் பெடலோடு சுற்றும் 32 பல் செயின்ரிங் இன்னொரு கம்பெனி. பெடலைச் சுற்றுகிறேன், கேளுங்கள். சத்தமே இல்லை, கியரும் சொன்னபடி விழுகிறது. எதைக் கலக்கலாம், எதைக் கலக்கவே கூடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை மாதிரி ஊர்களில் ஓட்டுபவர்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கடைகளில் டியூப், பிரேக் கட்டை, சாதா ஃப்ரீவீல் எல்லாம் உடனே கிடைக்கும். 10 ஸ்பீட் கேசட் வேண்டும் என்றால் பெரும்பாலும் கூரியரில்தான் வரவேண்டும். வந்தது பொருந்தவில்லை என்றால் பணமும் போகும், சைக்கிளும் சுவரில் சாய்ந்து கிடக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஷிஃப்டரை ஒரு கிளிக் அழுத்தினால் அது கேபிளைக் குறிப்பிட்ட அளவு இழுக்கும். டெரெய்லியர் அந்த இழுப்பை ஒரு விகிதத்தால் பெருக்கி, செயினைப் பக்கவாட்டில் நகர்த்தும். அந்த நகர்வு, கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இந்த மூன்று எண்ணும் ஒத்துப்போனால் கியர் விழும்.

டைனாசிஸ் என்ற பெயரில் வந்த ஷிமானோவின் 10 ஸ்பீட் மவுண்டன் ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 3.4 மி.மீ. இழுக்கும். அதன் டெரெய்லியர் விகிதம் சுமார் 1.2. பெருக்கினால் 4 மி.மீ.யை ஒட்டி வரும். 10 ஸ்பீட் கேசட்டில் இடைவெளி சுமார் 3.95 மி.மீ. பொருந்திவிட்டது. ஷிமானோவின் போட்டிக் கம்பெனியான ஸ்ராமின் 10 ஸ்பீடில் கேபிள் இழுப்பு சுமார் 3.1, விகிதம் சுமார் 1.3. அதுவும் 4 மி.மீ.யில்தான் போய் நிற்கும். போய்ச் சேரும் இடம் ஒன்று, வழி வேறு வேறு.

இப்போது ஷிமானோ ஷிஃப்டரோடு ஸ்ராம் டெரெய்லியரைப் போட்டால்? 3.4ஐ 1.3ஆல் பெருக்குங்கள், 4.4 மி.மீ. ஒரு கிளிக்குக்கு வித்தியாசம் அரை மி.மீ. கூட இல்லை, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் 10 ஸ்பீடில் ஒன்பது கிளிக். பிழை கிளிக்குக் கிளிக் கூடிக்கொண்டே போய், கடைசியில் ஒரு முழுக் கியர் தூரம் தள்ளிப்போய்விடும். சின்னப் பல்சக்கரத்தில் சரியாக வைத்தால் பெரிய பல்சக்கரத்தில் சொதப்பும், பெரியதில் சரிசெய்தால் சின்னதில் சொதப்பும். எந்தத் திருகைத் திருகினாலும் இது தீராது. அதனால் ஷிஃப்டரும் பின் டெரெய்லியரும் ஜோடியாகவே வாங்குங்கள். ஒரே கம்பெனி என்பது மட்டும் போதாது, ஒரே தலைமுறையாகவும் இருக்க வேண்டும். ஷிமானோவின் பழைய 9 ஸ்பீட் மவுண்டன் டெரெய்லியரின் விகிதம் சுமார் 1.7. அதில் டைனாசிஸ் 10 ஸ்பீட் மவுண்டன் ஷிஃப்டரைப் போட்டால் ஒரே கம்பெனியாக இருந்தும் ஓடாது. அதே டெரெய்லியரோடு ஷிமானோவின் பழைய 10 ஸ்பீட் ரோட் ஷிஃப்டர் அழகாக ஓடும். அதன் இழுப்பான 2.3ஐ 1.7ஆல் பெருக்கிப் பாருங்கள், 3.9.

ஷிமானோ டெரெய்லியரில் வேலை செய்யும்படி ஸ்ராமே ஷிஃப்டர் விற்ற காலமும் உண்டு. அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். டெரெய்லியரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள். கேபிளில் ஒரு சின்ன டேப் துண்டு ஒட்டுங்கள். கையால் லேசாக இழுத்துப் பிடித்தபடி முதல் கியரிலிருந்து கடைசி கியர் வரை கிளிக் செய்து, டேப் எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேலில் பாருங்கள். 10 ஸ்பீடில் 31 மி.மீ.யை ஒட்டி வந்தால் ஷிமானோ கணக்கு, 28ஐ ஒட்டி வந்தால் ஸ்ராம் கணக்கு. பள்ளிக்கூட ஸ்கேல் போதும்.

இனி கலக்கக்கூடியவை. கேசட்டைத் தாராளமாகக் கலக்கலாம், ஸ்பீட் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதும். 8 ஸ்பீடில் இடைவெளி சுமார் 4.8 மி.மீ., 9 ஸ்பீடில் சுமார் 4.35. ஷிமானோ, ஸ்ராம், சன்ரேஸ் யார் செய்தாலும் இதை ஒட்டித்தான் இருக்கும். செயினும் அப்படியே. 10 ஸ்பீட் கேசட்டுக்கு 10 ஸ்பீட் செயின், கம்பெனி எதுவானாலும் சரி. ஸ்பீட் கூடக்கூடச் செயினின் வெளி அகலம் குறையும்: 9 ஸ்பீடில் சுமார் 6.6 மி.மீ., 10இல் 5.9, 12இல் 5.3. அதனால் 9 ஸ்பீட் செயினை 10 ஸ்பீட் கேசட்டில் போட்டால் பக்கத்துப் பல்லில் உரசும். பெடல் மாட்டும் கிராங்க் விஷயத்தில், அது சுற்றும் பேரிங்கான பாட்டம் பிராக்கெட்டும், செயின் ஓடும் நேர்கோடான செயின்லைனும் பொருந்தினால் போதும், கம்பெனி பார்க்க வேண்டியதில்லை.

கேசட் வாங்கும் முன் ஹப்பை, அதாவது அது ஏறும் பின் சக்கரத்தின் நடுப்பகுதியை, பாருங்கள். பணம் வீணாகிற இடம் இதுதான். ஷிமானோவின் எச்ஜி வகை ஹப்பில் சின்னப் பல்சக்கரம் 11 பல்லுக்குக் கீழே போகாது. 10 பல் வேண்டும் என்றால் ஸ்ராமின் எக்ஸ்டி ஹப் வேண்டும், இல்லையென்றால் ஷிமானோ 2018இல் எக்ஸ்டிஆர் கியர் செட்டோடு கொண்டுவந்த மைக்ரோ ஸ்ப்லைன் ஹப் வேண்டும். விலை குறைந்த சைக்கிள்களில் கேசட்டே இருக்காது, மரை போட்டுத் திருகிய ஃப்ரீவீல்தான் இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் பள்ளம் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் ஹப்பில் இந்த மாதிரி கேசட் ஏறாது, சக்கரத்தையோ ஹப்பையோதான் மாற்ற வேண்டும்.

12 ஸ்பீட் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே கலப்பதற்கு இடம் குறைவு. ஷிமானோவின் 12 ஸ்பீட் முறையான ஹைப்பர்கிளைட் பிளஸில் செயினையும் கேசட்டையும் ஒன்றுக்கொன்று பார்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். வேறு செயின் போட்டால் ஓடும், ஆனால் பெடலை அழுத்தி மிதிக்கும்போது கிடைக்கும் அந்த வழவழப்பு போய்விடும். ஸ்ராமின் என்எக்ஸ் ஈகிள் 11-50 கேசட் எச்ஜி ஹப்பிலேயே ஏறும், பழைய சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல வழி. 2023இல் வந்த, ‘டிரான்ஸ்மிஷன்’ என்ற ஸ்ராமின் கியர் வரிசையை மட்டும் முழு செட்டாகவே பாருங்கள், அதில் எதையும் கலக்க முயலாதீர்கள். ஷிமானோவின் க்யூஸ் என்ற கியர் வரிசையும் தனி உலகம். ஷிஃப்டர், டெரெய்லியர், லிங்க்கிளைட் கேசட் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். ஆனால் கேசட் எச்ஜி ஹப்பில் ஏறும், செயினும் சாதாரண 11 ஸ்பீட்தான்.

என்னைக் கேட்டால், நம் பக்கத்துக்கு எச்ஜி ஹப்பில் 10 ஸ்பீட் போதும். குன்றக்குடி, திருமயம் பக்கம் சுற்றினாலும் சரி, எப்போதாவது பிரான்மலை அடிவாரத்துக்குப் போனாலும் சரி, முன்னால் 32 பல், பின்னால் 42 பல் இருந்தால் ஏறிவிடலாம். தேயும் பொருள்களான கேசட்டையும் செயினையும் எந்தக் கம்பெனியில் விலை குறைவோ அதில் வாங்கிக்கொள்ளலாம். இங்கே அவை சீக்கிரம் தேயும். இந்தச் செம்மண் தூள் செயின் எண்ணெயோடு சேர்ந்துவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். செயின் தேய்மானம் அளக்கும் கேஜ் இல்லையென்றால் ஸ்கேலில் பாருங்கள். செயினில் 12 அங்குலம் என்பது 24 பின் இடைவெளி. அந்த இடத்தில் 1/16 அங்குலம் கூடியிருந்தால் அரை சதவீதம் நீண்டுவிட்டது. 11, 12 ஸ்பீடில் உடனே மாற்றுங்கள். 10 ஸ்பீடில் 0.75 சதவீதம் வரை விடலாம். ஆனால் கேசட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் நான் அதற்கு முன்பே மாற்றச் சொல்வேன்.

அப்புறம் ஒன்று. கியர் சரியாக விழவில்லை என்றதும் கலந்ததுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். கியரை ஒரு பக்கம் மாற்றும்போது நன்றாக விழுந்து, மறுபக்கம் மாற்றும்போது மட்டும் தயங்கினால், கேபிளின் வெளிக்குழாயான அவுட்டருக்குள் தூசி. டெரெய்லியருக்குள் நுழையும் அந்த வளைவுத் துண்டுதான் முதலில் அடைபடும். அதை மட்டும் மாற்றினாலே பாதி பிரச்சினை போய்விடும். கருவமரத்துப் பக்கம் சைக்கிள் சாய்ந்து விழுந்த பிறகு தொந்தரவு தொடங்கியதென்றால் டெரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும். பின்னால் நின்று பாருங்கள், டெரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்லுக்கு நேர்கீழே இருக்க வேண்டும். பெரும்பாலும் சைக்கிள் மாடலுக்கு மாடல் ஹேங்கர் வேறு வேறு வடிவம், அவசரத்துக்குக் கடையில் கிடைக்காது. ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் வையுங்கள். இந்த இரண்டும் இல்லாமல், கிளிக்குக் கிளிக் ஒழுங்காகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் மட்டும் ஷிஃப்டரையும் டெரெய்லியரையும் சந்தேகப்படுங்கள்.

பெரிய கேசட் மாற்றுபவர்கள் செயின் நீளத்தையும் புதிதாக அளக்க வேண்டும். 36லிருந்து 42க்குப் போனால் பழைய நீளம் பெரும்பாலும் பத்தாது. பெரிய பல்லில் செயின் விறைத்து நிற்கும்போது மிதித்தால் டெரெய்லியரே பிய்ந்து வரும். டெரெய்லியரின் அதிகபட்சப் பல் எவ்வளவு என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள குட்டிச் சக்கரம் பெரிய பல்லில் இடித்தால் டெரெய்லியரில் இருக்கும் பி திருகைக் கொஞ்சம் உள்ளே திருப்புங்கள்.

அடுத்த ஞாயிறு காலை இதே கரைக்கு வருகிறேன். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் யாராவது பழைய ஷிஃப்டர் வைத்துக்கொண்டு எந்த டெரெய்லியர் வாங்குவது என்று குழம்பிக்கொண்டிருந்தால் எடுத்து வாருங்கள். ஸ்கேலும் டேப்பும் என்னிடம் இருக்கும், சேர்ந்து அளந்துவிடலாம்.