தாயின் தட்டும் பிள்ளையின் முதல் பாலும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் புரட்டாசி மாதம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தலைப்பிள்ளையை எதிர்நோக்கியிருக்கும் இளம் மகள்களே, அவர்களுடன் வந்திருக்கும் கணவன்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

புரட்டாசியில் பேறுகால உணவைப் பற்றிப் பேச வருகிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாதம் முழுவதும் மீனும் இறைச்சியும் விலக்கும் வழக்கத்தை வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் கடைப்பிடிக்கலாமா என்பதே அது. கடைப்பிடிக்கலாம். பருப்பும் சுகர் பீன்ஸ் என்னும் பயறும் கொண்டைக்கடலையும் நாள்தோறும் தட்டில் இருந்து, பாலோ தயிரோ இரண்டு மூன்று வேளை சேருமானால், ஒரு மாதம் கவிச்சி இல்லாததால் பிள்ளைக்குக் குறைவு வராது. தாவர உணவில் கிடைக்காத பி12 உயிர்ச்சத்தைப் பாலும் தயிரும் தரும். ஆனால் நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்பது, தண்ணீர்கூடப் பருகாமல் பொழுது சாயும்வரை இருப்பது, காவடிக்கு முன் நாட்கணக்கில் பாலும் பழமும் மட்டும் கொள்வது ஆகியவற்றைக் கர்ப்பிணி தள்ளிவைக்க வேண்டும். நேர்த்திக்கடனை அடுத்த ஆண்டு செலுத்தலாம். வயிற்றிலுள்ள பிள்ளையின் வளர்ச்சியை அப்படித் தள்ளிவைக்க முடியாது. இதை மருமகள் தன் வாயால் சொல்லத் தயங்குவாள். ஆகவே மாமியார்தான் முன்வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் இன்று சொல்ல வந்ததும் இதை ஒட்டியதே. கர்ப்பிணியின் உணவு அவள் ஒருத்தியின் பொறுப்பு அன்று. அது அடுப்படியில் நிற்பவர், கடைக்குப் போகிறவர், பண்டிகைக்கு நாள் குறிப்பவர் அனைவரின் பொறுப்பு. தாய்ப்பால் கொடுப்பதும் அப்படித்தான். அதற்கான ஆயத்தம் பிள்ளை பிறந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

"இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று எல்லாரும் அன்போடுதான் சொல்கிறோம். முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவு ஏறக்குறைய தேவையே இல்லை. நடு மூன்று மாதங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 340 கலோரியும், கடைசி மூன்று மாதங்களில் சுமார் 450 கலோரியும் கூடுதலாக வேண்டும். இது ஒரு கிண்ணம் பீன்ஸ் கறியும் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு தம்ளர் பாலும் தருகிற அளவு; இன்னொரு முழுச் சாப்பாடு அன்று. உயரத்துக்கு ஏற்ற எடையுள்ள பெண் பேறுகாலம் முடிவதற்குள் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். முன்பே எடை மிகுந்தவள் 7 முதல் 11.5 கிலோவுக்குள் நிற்பது நல்லது. கூட்ட வேண்டியது உணவின் சத்தையே என்பதை இந்த எண்களிலிருந்து அறியலாம்.

அந்தச் சத்துகளுள் நம் பெண்களிடம் பெரிதும் குறைவது இரும்பு. கீரையும் பயறுகளும் இரும்பைத் தருகின்றன. ஆனால் அவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. அதே வேளையில் ஒரு கொய்யாவோ ஆரஞ்சோ, எலுமிச்சை பிழிந்த பச்சைக் காய்களோ சேர்ந்தால் ஏற்பு கூடும். சாப்பாட்டோடு பால் தேநீர் குடித்தால் குறையும். நம் வீடுகளில் சோற்றுக்குப் பின்னால் தேநீர் தானாகவே வந்துவிடுகிறது. அதை ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும். பயறுகளை ஊறவைத்து முளைகட்டுவதும், மாவைப் புளிக்கவைப்பதும் இரும்பின் ஏற்பைத் தடுக்கும் பொருளைக் குறைக்கின்றன. மாரியம்மனுக்கு நாம் காய்ச்சும் புளித்த கூழும், வீட்டில் ஊற்றும் தோசையும் இந்த வகையில் கர்ப்பிணிக்கு ஏற்றவை. கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் சில மணி நேர இடைவெளி விட வேண்டும். இரும்பு மாத்திரையால் பிள்ளை கறுத்துப் பிறக்கும், குங்குமப்பூவால் சிவந்து பிறக்கும் என்பவற்றில் உண்மை இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டு மாத்திரையை ஒளித்துவைக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மசக்கையில் சாம்பலோ மண்ணோ தின்னத் தோன்றுவதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். டர்பன் சந்தைகளில் தின்பதற்கென்றே களிமண் கட்டிகள் விற்கின்றன. பெண்கள் அவற்றை வாங்குகிறார்கள். அந்த ஆசைக்குப் பின்னால் பெரும்பாலும் இரத்தச்சோகை இருக்கும். மண்ணோ உணவிலுள்ள இரும்பை மேலும் தடுத்துவிடும். மகள் அப்படிக் கேட்டால் கண்டிக்காமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஃபோலிக் அமிலத்தைப் பற்றி, இன்னும் திருமணமாகாத மகள்களும் கேட்க வேண்டும். பிள்ளையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குள் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. இதனால்தான் 2003 அக்டோபர் முதல் தென்னாப்பிரிக்காவில் ஆலைகளில் அரைக்கும் மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் அமிலத்தையும் இரும்பையும் வேறு சில சத்துகளையும் சேர்ப்பது சட்டமாயிற்று. அதன்பின் தண்டுவடக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்தன. ஆனால் அந்தச் சட்டம் அரிசியைத் தொடவில்லை. மீலி மீல் எனப்படும் மக்காச்சோள மாவுக் கஞ்சி உண்ணும் ஜூலு வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, மூன்று வேளையும் சோறு உண்ணும் நம் வீட்டுப் பெண்ணுக்கு அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே பிள்ளைக்குத் திட்டமிடும்போதே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குவது நமக்குக் கூடுதல் அவசியம்.

அடுத்து, நம் சமூகத்துக்கு மிகப் பெரிய ஆபத்தாக நான் கருதுவதைச் சொல்கிறேன். இந்திய வம்சாவளிப் பெண்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் கர்ப்பகால நீரிழிவு அவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. 1860 முதல் நம் முன்னோர் இந்த நேட்டால் மண்ணில் கரும்பு வெட்ட வந்தார்கள்; அவர்கள் நாளெல்லாம் உடலால் உழைத்தார்கள். அந்த உழைப்பு நம்மை விட்டுப் போய்விட்டது; சோறும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் குவியும் வழக்கம் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. வெள்ளை ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சௌ, அதனுடன் ஒரு குளிர்பானம், மாலையில் மூன்று கரண்டிச் சர்க்கரை போட்ட தேநீர் என்று உண்ணும் கர்ப்பிணியின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. பிள்ளை அளவுக்கு மீறிக் கொழுத்துப் பிரசவம் கடினமாகிறது. பிறந்தவுடன் அதன் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். பிற்காலத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஆகவே 24 முதல் 28 வாரங்களுக்குள் சர்க்கரைப் பரிசோதனை செய்தீர்களா என்று கிளினிக்கில் நீங்களே கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் 1994 முதல் இலவசம். தட்டை மாற்றுவதும் கடினம் அன்று. அரைத் தட்டுக்குக் கீரையும் காயும், கால் தட்டுக்குப் பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் தட்டுக்குச் சோறு. மடும்பே என்னும் சேப்பங்கிழங்கு வைத்தால் அன்று சோறு குறைய வேண்டும். சுகர் பீன்ஸ் பெயரில்தான் சர்க்கரை இருக்கிறது. அது மெதுவாகச் செரித்து இரத்தச் சர்க்கரையை நிதானமாக ஏற்றும் நல்ல உணவு. விரதமில்லாத மாதங்களில் டின்னில் வரும் பில்சர்ட் என்னும் மத்தி வகை மீனை முள்ளோடு மசித்துக் குழம்பு வைத்தால் புரதமும் சுண்ணாம்பும், பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பும் ஒருங்கே கிடைக்கும், விலையும் குறைவு.

விலக்க வேண்டியவற்றுள் மதுவையும் புகையையும் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை, துளியும் கூடாது. பொலனி என்னும் இறைச்சிப் பண்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2017, 2018 ஆண்டுகளில் இந்த நாட்டில் பரவிய லிஸ்டீரியா நோயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்கு நோய் பொலனி போன்ற பக்குவப்படுத்திய இறைச்சியிலிருந்து வந்தது. பாதிக்கப்பட்டவர்களுள் ஐந்தில் இரண்டு பங்கினர் பிறந்து 28 நாட்கூட ஆகாத குழந்தைகள். இந்தக் கிருமி தாய்க்கு இலேசான காய்ச்சலைத் தந்துவிட்டுப் பிள்ளையைக் கொல்லக்கூடியது, குளிர்பெட்டிக்குள்ளும் வளரும். நன்றாகச் சூடாக்கினால் சாகும். ஆகவே பொலனி, வியன்னா சாசேஜ், காய்ச்சாத பால் ஆகியவற்றை அப்படியே உண்ணக் கூடாது. நன்கு கனிந்த பப்பாளியால் கெடுதல் இல்லை. காயில் உள்ள பாலைத்தான் தவிர்க்க வேண்டும்.

இனித் தாய்ப்பாலுக்கான ஆயத்தம். இதற்காக மார்பை எண்ணெயிட்டுத் தேய்ப்பதும், காம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் வேண்டாம். சோப்பால் தோல் வறண்டு வெடிக்கத்தான் செய்யும். காம்பு தட்டையாக இருக்கிறதே என்று கலங்கவும் வேண்டாம், ஏனெனில் பிள்ளை காம்பை மட்டும் பிடித்துக் குடிப்பதில்லை. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் வாய் நிறையக் கவ்வியே குடிக்கிறது. வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, தாடை மார்பில் பட்டிருந்தால் பிடிப்பு சரி. தொடர்ந்து வலித்தால் பிடிப்பு சரியில்லை என்று பொருள்; விரலால் மெல்ல விடுவித்து மீண்டும் வைக்க வேண்டும். இதைக் கடைசி மாதங்களில் செவிலியரிடம் கேட்டுப் பார்த்துவைத்துக்கொள்வதே உண்மையான ஆயத்தம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துப் படுக்கவைத்து முதல் பாலைக் கொடுக்க வேண்டும். மஞ்சளாகவும் கெட்டியாகவும் வரும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றிய காலம் நம் ஆயாமார்களுக்கு நினைவிருக்கலாம். அதில் நோயெதிர்ப்புப் பொருள்கள் செறிந்திருக்கின்றன. முதல் நாளில் சில தேக்கரண்டி அளவே வரும். பிள்ளையின் இரைப்பைக்கு அதுவே போதும். இரண்டு முதல் நான்கு நாட்களில் பால் பெருகும். அதற்குள் "பால் போதவில்லை" என்று புட்டி வாங்கி வருகிறவர் பெரும்பாலும் அன்புள்ள உறவினராகவே இருக்கிறார். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். ஒரு புட்டி கொடுத்தால் அந்த வேளைக்கான உறிஞ்சல் போகிறது, அடுத்த வேளைக்கான சுரப்பும் குறைகிறது. இரவில் பால் சுரப்பிக்கும் இயக்குநீர் கூடுதலாக இருப்பதால், இரவுப் பாலை நிறுத்துவது சுரப்பைப் பெரிதும் பாதிக்கும்.

பிறந்த பிள்ளையின் நாவில் இனிப்பைத் தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தையும், கிரைப் வாட்டரையும், வயிற்றுவலிக்கென்று ஊட்டும் ரூய்பாஸ் மூலிகைத் தேநீரையும் ஆறு மாதம் வரை நிறுத்திவைக்க வேண்டும். தேனை ஒரு வயதுவரை தொடவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய நச்சுக் கிருமி சிசுவின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். தாய்ப்பாலோடு வேறொன்றைக் கலந்து கொடுப்பதன் ஆபத்தை உலகுக்கு உணர்த்திய ஆய்வு நம் டர்பனிலேயே நடந்தது. அன்னா கூட்சூடிஸும் அவர் குழுவினரும் 1999இல் வெளியிட்ட அந்த ஆய்வில், எச்ஐவி உள்ள தாய்மாரிடமிருந்து தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலும் பிற உணவும் கலந்து பெற்ற குழந்தைகளுக்கே தொற்று கூடுதலாகப் பரவியிருந்தது. இன்று மருந்து உட்கொள்ளும் அத்தகைய தாய்மாருக்கும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்குமாறு இந்நாட்டில் அறிவுறுத்துகிறார்கள். 2011இல் வெளியான ட்ஷ்வானே பிரகடனம் தாய்ப்பாலை நாட்டின் கொள்கையாக்கியது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டும் பெற்றவர்கள் 2003இல் நூற்றுக்கு எட்டுப் பேர்; 2016இல் முப்பத்திரண்டு பேர். ஏற்றம்தான், ஆனாலும் அந்த ஆண்டிலும் மூன்றில் இரண்டு பிள்ளைகள் வெளியேதான் நின்றன.

கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்களுக்குத் தாய்ப்பால் இரட்டை நன்மை: பிள்ளையின் சர்க்கரை இறங்காமல் காக்கிறது, பால் கொடுக்கும் தாய்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பையும் குறைக்கிறது. அத்தகையவர்கள் 36 வாரத்துக்குப் பிறகு சீம்பாலைக் கையால் எடுத்துச் சேமித்துவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்; தாமாகத் தொடங்கக் கூடாது.

பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் வைக்கும் பத்தியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. பூண்டும் மிளகு தண்ணியும் சுக்கும் கருவாட்டுக் குழம்பும் நல்லவை. அவை மட்டுமே பாலைப் பெருக்கும் என்று நம்பிப் பழத்தையும் கீரையையும் தயிரையும் மறுப்பதும், வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரைக் குறைப்பதும்தான் தவறு. பால் கொடுப்பவளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக வேண்டும், தாகமும் மிகும். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பதைக் கணவர் தம் வேலையாக ஏற்கட்டும்.

வேலைக்குத் திரும்பும் தாய்க்கு, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஒரு நாளைக்கு இரண்டு முறை முப்பது நிமிட இடைவேளை தர வேண்டும் என்று 1998இன் தொழிலாளர் நடைமுறைக் கோவை சொல்கிறது. இதை விடுப்பில் போவதற்கு முன்பே மேலாளரிடம் பேசிவைக்க வேண்டும். பீய்ச்சிய பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் இருக்கும்; டர்பனில் கோடையாக இருக்கும் தை மாத வெக்கையில் அவ்வளவு நேரம் நம்ப முடியாது. குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும்.

பால் போதுகிறதா என்பதைப் பிள்ளையின் அழுகையைக் கொண்டு கணிக்காதீர்கள். அழுகைக்குக் காரணம் பல. ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் நன்றாகக் கழிக்கிறதா, முதல் நாட்களில் குறைந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மீட்டுவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மாவுப்பால் டின் வாங்க வேண்டிய தேவை இல்லை. ஒன்று குறைந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாமல் பிள்ளையையும் தாயையும் சேர்த்துக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, பிள்ளை பால் குடிக்கும் முறையைச் செவிலியர் நேரில் பார்க்கும்படி கேளுங்கள்.