காய்ச்சலுக்குப் பயந்து மலையேறிய அரசாங்கம்

நேயர்களுக்கு வணக்கம். பிரேசில் என்றதும் கால்பந்து, கார்னிவல், ரியோ கடற்கரை என்று மனசு போய்விடும். அந்த ரியோவில் பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பெட்ரோபோலிஸ் என்ற மலை ஊர், 800 மீட்டருக்கு மேல் உயரம். 1960 வரை நாட்டின் தலைநகரம் ரியோதான், ஆனால் 19-ஆம் நூற்றாண்டில், நாடு முடியாட்சியாக இருந்த காலத்தில், கோடை வந்தால் பேரரசர் இரண்டாம் பெட்ரோ தன் பரிவாரத்தோடு இந்த மலைக்கு வந்துவிடுவார், பின்னாலேயே வெளிநாட்டுத் தூதர்களும். கோடை என்றால் அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை, நாம் போர்வை தேடும் மாதங்கள்.

குளுமை மட்டும் காரணமில்லை. 1849 கடைசியில் ரியோவில் மஞ்சள் காய்ச்சல் புகுந்து, அப்புறம் அரை நூற்றாண்டு காலம் திரும்பத் திரும்ப வந்தது. புதிதாக வந்திறங்கிய ஐரோப்பியர்களைத்தான் அது அதிகம் கொண்டுபோனது. தூதரகத்துக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும், மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்கள். கீழே இருந்த ஏழை ஜனங்களுக்கு அந்த வசதி ஏது? 1883-இல் பல்சக்கர ரயிலும் மலைமேல் வந்துவிட்டது (நம்ம மேட்டுப்பாளையம் ரயில் குன்னூரைத் தொட்டது 1899-இல்தான்), வசதியானவர்களுக்குக் காலையில் ரியோவுக்கு இறங்கி, மாலையில் வீடு திரும்புவதும் சாத்தியமாயிற்று. 1889 நவம்பர் 15 அன்று ஆட்சிக்கு எதிராக ராணுவம் கிளம்பிவிட்டது என்று தந்தி வந்தபோதும் பேரரசர் இங்கேதான் இருந்தார். ரயிலைப் பிடித்து இறங்கினார். அதோடு முடியாட்சி முடிந்தது, இரண்டே நாளில் குடும்பத்தோடு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் கல்லறை இந்த ஊர்க் கதீட்ரலுக்குள் இருக்கிறது.

அவருடைய கோடை அரண்மனை 1943 முதல் அருங்காட்சியகம். வாசலிலேயே ஒரு கூடை நிறையத் துணிச் செருப்பு வைத்திருப்பார்கள், அதை நம் ஷூவின் மேலேயே மாட்டிக்கொள்ளணும், மரத்தளம் கீறக்கூடாதாம். நடக்க முடியாது, வழுக்கிக்கொண்டேதான் போகணும். பெரியவர்கள் சுவரைப் பிடிக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். உள்ளே 639 வைரமும் 77 முத்தும் பதித்த கிரீடம். எனக்கென்னவோ அந்தத் தரைதான் பிடித்திருந்தது.

குடியரசு வந்தும் ஊரின் மவுசு குறையவில்லை. ஒரு காப்பித் தோட்டப் பிரபு கட்டிய ரியோ நீக்ரோ மாளிகை 1903 முதல் ஜனாதிபதிகளின் கோடை வீடானது. அதே ஆண்டு நவம்பரில் பொலிவியாவோடு ஒப்பந்தம் இந்த ஊரில் கையெழுத்தாகி, 20 லட்சம் பவுண்டும் ஒரு ரயில் பாதை போட்டுத் தரும் வாக்குறுதியும் கொடுத்து, அக்ரே என்ற பெரிய காட்டுப் பிரதேசத்தையே பிரேசில் வாங்கியது. இன்னொரு வேடிக்கை: கொசு ஒழிப்பு நடத்தி ரியோவின் மஞ்சள் காய்ச்சலை அடக்கிய டாக்டர் ஓஸ்வால்டோ குரூஸ், 1916-இல் இந்த ஊருக்கே மேயராக வந்து, மறு வருஷம் இங்கேயே காலமானார். தூதர்கள் மலையேறக் காரணமான நோயை விரட்டிய ஆள்!

ஊருக்கு வரைபடம் போட்டது கோலர் என்ற ஜெர்மன் பொறியாளர். ஆற்றைக் கால்வாயாக நடுவில் விட்டு இரு பக்கமும் வீதி. பார்க்க அழகுதான். ஆனால் பள்ளத்தில் இருக்கிற வீதிகள், சுற்றிலும் செங்குத்துச் சரிவு, இடம் கிடைக்காதவர்கள் சரிவிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். 2022 பிப்ரவரி 15 அன்று கொட்டிய மழையில் மண் சரிந்து 230 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அப்போதுதான் ஒரு பழைய வரி நாடு முழுக்கப் பேச்சானது. ஊர் ஒரு காலத்தில் பேரரசரின் சொந்தப் பண்ணை நிலம் என்பதால், மையப் பகுதியில் இன்றைக்கும் வீடு விற்றால் விலையில் 2.5 சதவீதம் அவர் வம்சத்தாருக்குப் போகிறது. மன்னராட்சி போய் நூற்று முப்பது வருஷம் தாண்டியும் இது நிற்கவில்லை என்றால் கோபம் வராதா?

சரி, போகிறவர்களுக்கு ஒன்று. பேரரசர் தேர்ந்தெடுத்த மாதங்களில்தான் அங்கே பெருமழை, அதனால் மே முதல் ஆகஸ்டுக்குள் போங்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் உங்களை இறக்கிவிடும் நிலையம் ஊருக்கு வெளியே, மையத்துக்கு இன்னொரு டவுன் பஸ் பிடிக்கணும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அரண்மனை பூட்டியிருக்கும்.