எல்க் மலைக்கு ஏற்ற துப்பாக்கி

நேயர்களுக்கு வணக்கம்.

கொலராடோ மாநிலத்தில் குடியிருக்கும் நான், ராக்கி மலைகளில் எல்க் மான் வேட்டையாடத் தொடங்கிப் பதினொரு பருவங்கள் ஓடிவிட்டன. இங்கே வேட்டை கற்றுக்கொள்ள விரும்பும் நம்மவர்கள் என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றே: "மலையேறக் கனமில்லாத துப்பாக்கி எது, அதற்கு எந்தத் தோட்டா?" நிலையத்தாரும் அதைப் பற்றியே பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேட்டையே வேண்டாம் என்று நினைப்பவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கொல்வது கொல்வதுதான், வேறு சொல் போட்டு அதை மூட மாட்டேன். ஆனால் வேட்டைக்குப் போவது என்று ஒருவர் தீர்மானித்த பிறகு, அந்த விலங்கு எவ்வளவு நேரம் துன்பப்படும் என்பதில் பாதி, துப்பாக்கிக் கடையிலேயே முடிவாகிவிடுகிறது. அந்தப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் மானைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண் 225 கிலோ அளவில் இருக்கும். முதுமலையில் கடமானை அருகில் பார்த்தவர்கள், அதைவிட ஒரு சுற்றுப் பெரிய உடம்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோள் எலும்பு தடித்தது. உயிரை விடாமல் பிடித்துக்கொள்ளும் பிடிவாதம் அதைவிடத் தடித்தது. இரண்டு நுரையீரலும் துளைபட்டால் சிறிது தூரம் ஓடி விழுந்துவிடும். ஒன்று மட்டும் துளைபட்டால், பள்ளத்தாக்கில் இறங்கி அடுத்த முகட்டில் ஏறிப் போய்விடும். தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர் உயரம். நாங்கள் கூடாரம் அடிப்பதே பெரும்பாலும் அதற்கு மேலேதான். மூச்சு வாங்கும் அந்த உயரத்தில், அக்டோபர் பனியில், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பவர் கையில் இருக்கும் இரும்பின் ஒவ்வொரு நூறு கிராமையும் எண்ணத்தான் செய்வார். இலேசான துப்பாக்கி மீது ஆசை வருவது நியாயமே.

அந்த ஆசைக்கு நானும் ஆளானேன். முதல் துப்பாக்கி வாங்கிய கடையில், மிக மெல்லிய குழலும் இரண்டரைக் கிலோ எடையும் கொண்ட ஒரு ரைஃபிளைக் கையில் கொடுத்தார்கள். இறகு போல இருந்தது. எல்க் பெரிய விலங்காயிற்றே என்று அதற்கு .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற, வெடிமருந்து மிகுந்த தோட்டாவையும் சேர்த்துக் கட்டினார்கள். (.300 போன்ற எண்கள் குழலின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை.) இரண்டும் தனித்தனியே நல்ல பொருள்கள். ஒன்றாகச் சேர்ந்ததில்தான் கேடு.

காரணம் எளிய இயற்பியல். குண்டும் வெடிவாயுவும் முன்னே பாயும் உந்தத்துக்கு ஈடான உந்தத்தோடு துப்பாக்கி பின்னே வரும். ஒரே தோட்டாவை 4 கிலோ துப்பாக்கியிலும் 3 கிலோ துப்பாக்கியிலும் சுட்டுப் பாருங்கள்: இரண்டாவதன் உதையில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் கூடுதலாக இருக்கும். அதோடு அந்த உதை இன்னும் வேகமாக வந்து அறையும். மேக்னம் தோட்டாவின் உதை முன்பே பெரிது. அதை இரண்டரைக் கிலோவில் வாங்கினால், பத்துக் குண்டு சுடுவதற்குள் உடம்பு பாடம் கற்றுக்கொண்டுவிடும். விசையைத் தொடும்போதே கண் இறுகும், தோள் முன்னே தள்ளும், குழல் விலகும். இதை மனவலிமையால் அடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உடம்பு நம்மைக் கேட்டுக்கொண்டு பயப்படுவதில்லை.

என் மூன்றாம் பருவம். பெண் எல்க் சுட அனுமதிச் சீட்டு இருந்தது. மாலை வெளிச்சத்தில், ஆஸ்பென் மரங்களின் ஓரத்தில், ஏறத்தாழ 180 கெஜத் தொலைவில் பக்கவாட்டாக நின்றது ஒரு பெண் மான். இதைவிட வாய்ப்பான நிலை அமையாது. விசையை இழுத்த கணத்திலேயே தவறு தெரிந்துவிட்டது. குண்டு முன்தோளுக்குப் பின்னால் படவேண்டியது, வெகுவாகப் பின்தள்ளி வயிற்றில் பட்டது. இருட்டும்வரை இரத்தத் துளிகளைப் பின்பற்றினேன். பிறகு தலைவிளக்கு வெளிச்சத்தில் தேடினேன். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் கிடைத்தது. அண்டங்காக்கைகள் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தன. அந்த மான் இரவு முழுவதும் எப்படிக் கிடந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். மறு வாரமே அந்தத் துப்பாக்கியை விற்றேன்.

அதன் பிறகுதான் எடையைக் கூட்டிக் கழிக்கப் பழகினேன். விளம்பரத்தில் போடுவது வெறும் துப்பாக்கியின் எடை. நாம் சுமப்பதோ, துப்பாக்கியோடு ஸ்கோப் எனும் குறிபார்க்கும் தொலைநோக்கி, அதன் பிடிகள், தோள்வார், உள்ளே நான்கு தோட்டா என எல்லாம் சேர்ந்த எடை. அந்த மொத்தம் மூன்றரைக் கிலோ அளவில் இருந்தால் பெரும்பாலானோருக்குப் போதும் என்பது என் கருத்து. பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் லைட் என்ற ரைஃபிள் ஏறத்தாழ 2.9 கிலோ, 350 கிராமுக்குள் எளிய ஸ்கோப் ஒன்றை வைத்தால் கணக்கு சரியாக வந்துவிடும். பலர் இலேசான துப்பாக்கிக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, அதன் தலையில் முக்கால் கிலோ ஸ்கோப்பை ஏற்றுகிறார்கள். மூன்றிலிருந்து ஒன்பது மடங்குவரை பெரிதாக்கும் பழைய பாணி ஸ்கோப்பே 300 கெஜம்வரை தாராளம். அதற்கு மேற்பட்ட தொலைவில் மலைக்காற்றை மதித்துச் சுடாமல் இருப்பதே நல்லது.

எடையை எங்கே குறைப்பது? மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மெல்வின் ஃபோர்ப்ஸ் என்ற துப்பாக்கிக் கைவினைஞர், 1980களில் இதற்கு நல்ல வழி காட்டினார். கெவ்லார், கிராஃபைட் இழைகளைக் கலந்து, தோளில் பதியும் கட்டையை விறைப்பாகவும் கனமற்றதாகவும் செய்தார். இயந்திரப் பகுதியைத் தோட்டாவின் அளவுக்கேற்பச் சிறிதாக்கினார். குழலை மட்டும் பென்சில் போல மெலியச் செய்து எடை குறைப்பது சோம்பேறி வழி. மெலிந்த குழல் சீக்கிரம் சூடாகி, மூன்றாவது நான்காவது குண்டை விலக்கிவிடும். வேட்டையில் முக்கியம் குளிர்ந்த குழலின் முதல் குண்டே என்பது உண்மைதான். ஆனால் மூக்குப் பக்கம் எடையே இல்லாத துப்பாக்கி, மூச்சு வாங்கும் கையில் புல்நுனி போல ஆடும். முன்பக்கம் சற்றே கனத்திருந்தால் அது தானாக அடங்கி நிற்கும். ஆகவே கடையில் துப்பாக்கியைத் தூக்கிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். படியில் நான்கு மாடி ஏறி இறங்கிவிட்டு வந்து, அதே துப்பாக்கியைத் தோளில் வைத்து, சுவரில் ஒரு புள்ளியைக் குறிபாருங்கள். கடைக்காரர் வியப்பாகப் பார்க்கலாம், பார்க்கட்டும்.

இனி தோட்டா. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதில் இரண்டு கட்சி. .270 வின்செஸ்டர் தோட்டாவை உயர்த்திப் பிடித்தவர் வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர். பெரிய குழல்விட்டம், கனமான குண்டு என்று நின்றவர் இன்னொரு எழுத்தாளரான ஐடஹோவின் எல்மர் கீத். இருவரும் எழுத்தில் மோதிக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆனபிறகும், முகாம்களில் நெருப்பைச் சுற்றி அந்த வழக்கு நடக்கிறது. இலேசான துப்பாக்கி வாங்குபவருக்கு நான் ஓ'கானர் பக்கம்தான். 1925இல் வந்த .270, 1952இல் வந்த .308, 1980இல் வந்த 7 எம்.எம்-08, இவற்றில் எதுவும் மூன்றரைக் கிலோத் துப்பாக்கியில் தாங்கக்கூடிய உதையோடு எல்க்கை வீழ்த்தும். பெயரிலேயே 1906ஆம் ஆண்டைச் சுமக்கும் .30-06 இன்னும் சற்று உதைக்கும். மலையடிவாரச் சிற்றூர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது அதன் சிறப்பு. 2007இல் வந்த 6.5 கிரீட்மூர் உதை குறைந்தது. நெருங்கிச் சென்று, பக்கவாட்டாக நிற்கும் மானை மட்டும் சுடும் பொறுமை உள்ளவருக்கு அதுவும் போதும்.

கொலராடோவின் விதி ஒரு கீழ் எல்லை வகுக்கிறது. எல்க்குக்குக் குழல்விட்டம் .24 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குண்டு விரியும் வகையாக, குறைந்தது 85 கிரெய்ன், அதாவது ஐந்தரைக் கிராம் இருக்கவேண்டும். 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிஞ்சியிருக்கவேண்டும். அது சட்டத்தின் எல்லை. நான் அதன் விளிம்பில் நிற்க மாட்டேன்.

தோட்டாவின் பெயரைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடுபவர்கள், அதன் நுனியில் இருக்கும் குண்டைப் பற்றி ஒரு நிமிடமும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். மானைத் தொடுவது குண்டு ஒன்றுதான். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், உடம்பெல்லாம் சேறு அப்பிய ஒரு மூஸ் மானை ஜான் நோஸ்லர் சுட்டார். அவருடைய குண்டுகள் மேலேயே சிதறிப்போயின, உள்ளே இறங்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கியதுதான் பார்ட்டிஷன் குண்டு. நடுவில் உலோகத் தடுப்பு. முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் துளைத்துக்கொண்டு போகும். 1948இல் விற்பனைக்கு வந்து இன்றும் விற்கிறது. 1989இல் பார்ன்ஸ் நிறுவனம் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டைக் கொண்டுவந்தது. அது மலர்போல நான்காக விரிந்து, எடையை ஏறக்குறைய இழக்காமலே மறுபக்கம் வெளியேறும்.

நான் செம்புக்கு மாறிவிட்டேன். என்னை மாற்றியவை அந்த அண்டங்காக்கைகள். ஈயக் குண்டு உடம்புக்குள் நுண்துகள்களாகச் சிதறுகிறது. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலை உண்ணும் பறவைகளுக்கு அது நஞ்சு. வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பகுதியில் அண்டங்காக்கைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், வேட்டைப் பருவத்தில் ஈய அளவு ஏறுவதைக் கண்டார்கள். கலிஃபோர்னியா, கொண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்கத் தொடங்கிய முயற்சியின் நீட்சியாக, 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் ஈயத் தோட்டாவைத் தடைசெய்தது. அதே இறைச்சியை என் பிள்ளைகளும் உண்கிறார்கள்.

செம்புக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீண்டுவிடும். விரிவதற்கு அதற்கு வேகமும் தேவை. ஆகவே ஒரு படி இலேசான குண்டை எடுங்கள்: .30-06இல் 180 கிரெய்ன் ஈயம் சுட்டவர் 150 கிரெய்ன் செம்புக்கு வரலாம். எடை குறைந்தால் உதையும் குறையும். நம் இலேசான துப்பாக்கிக்கு அது இரட்டை ஆதாயம். கூடவே ஓர் எச்சரிக்கை. ஒரே அம்பால் யானை முதல் உடும்புவரை ஐந்து உயிர்களைத் துளைத்ததாக வல்வில் ஓரியைப் புகழ்கிறோம். எல்க் கூட்டமாக நிற்கும் விலங்கு. செம்புக் குண்டு மறுபக்கம் வெளியேறும். பின்னால் இன்னொரு மான் நின்றால் விரலை எடுத்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது ஒரே சீட்டு.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவது துப்பாக்கியைச் சரிபார்க்க மட்டுமே. வேட்டைக்கான பயிற்சி, உட்கார்ந்தும் முழங்காலிட்டும், முதுகுப்பையின் மேல் குழலைச் சாய்த்தும் சுடுவது. விலை மலிந்த .22 தோட்டாவில் கோடை முழுவதும் பழகுங்கள். அந்த ரைஃபிளுக்கு உதை இல்லாததால், கெட்ட பழக்கமும் ஒட்டாது. ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் சட்டம். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்விச் சான்றும் சட்டம்.

கொலராடோவில் இன்று ஏறத்தாழ 2,80,000 எல்க் திரிகின்றன. வேறெந்த அமெரிக்க மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. நூற்றுப் பத்தாண்டுகளுக்கு முன்பு, கட்டுப்பாடற்ற வேட்டையால் இங்கே கூட்டங்கள் அழிந்து, வயோமிங்கிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விடவேண்டியிருந்தது. நீங்கள் வாங்கும் ரைஃபிளின் விலையிலும் தோட்டாப் பெட்டியின் விலையிலும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 விழுக்காடு வரி இருக்கிறது. அது காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. அந்தப் பணத்தை நான் மனம் நிறைந்து கொடுக்கிறேன்.

கடைசியாக எடைக்கே வருகிறேன். வளர்ந்த ஆண் எல்க்கிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் 90 கிலோ வரும். அதை வீணாக்குவது இங்கே குற்றம். தனி ஆளாக இருந்தால் நான்கு நடை, சில வேளை ஐந்து நடை, ஒவ்வொன்றிலும் இருபது கிலோவுக்கு மேல் முதுகில். முந்நூறு கிராம் குறைந்த துப்பாக்கிக்காக ஆயிரம் டாலர் கூடுதலாகச் செலவிட எண்ணுபவர்கள், ஜூன் மாதத்திலிருந்து முதுகில் இருபது கிலோ மூட்டையோடு ஏற்றத்தில் நடந்து பாருங்கள். மிஞ்சும் பணத்தில் நல்ல முதுகுப்பை ஒன்றும், இறைச்சி கட்டக் காற்றுப் புகும் துணிப்பைகள் நான்கைந்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுப்பகலிலும் வெயில் ஏறும். நிழலில் தொங்கவிட அந்தப் பைகள் இல்லாவிட்டால், இரண்டாவது நடைக்கு நீங்கள் திரும்பி வருவதற்குள் ஈக்கள் வந்திருக்கும்.

வணக்கம்.