தலைக்குக் காசில்லை, வண்டிக்குத்தான்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு இந்தப் பள்ளிக்கூட அரங்கில் வந்து உட்கார்ந்திருக்கும் நியூஜெர்சித் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளின் மனதில் நிலைத்து நிற்பது தீம் பார்க்கா, ஆற்றங்கரை ஸ்டேட் பார்க்கா?’ இதுதான் தலைப்பு. ஸ்டேட் பார்க் என்றால் மாநில அரசின் பூங்கா. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று அம்பு விட்டார். ஸ்டேட் பார்க்கில் பார்க்க ஒன்றுமே இல்லை என்றார். வேறு இடத்துக்குப் போக வசதி இல்லாதவர்கள்தான் அங்கே போனார்கள் என்றார். ரோலர் கோஸ்டரில் கத்திய கத்தலை எந்தப் பிள்ளையும் மறக்காது என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். வாங்கட்டும், எங்க அண்ணன்தானே.

இரண்டாவது அம்பை முதலில் எடுக்கிறேன். ஆமாம் ஐயா, வசதி இல்லாமல்தான் போனோம்! 2001-ஆம் வருஷத்தை இந்த அரங்கில் பாதிப் பேர் மறந்திருக்க மாட்டீர்கள். டாட்காம் என்ற இணைய நிறுவனங்கள் சரிந்து, எச்-1பி வேலை விசாவில் வந்தவர்கள் ‘பெஞ்சில்’, அதாவது கையில் வேலை இல்லாமல், உட்கார்ந்திருந்த காலம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பேச்சு குறைந்துபோனது எட்டு வயதுக்குக்கூடத் தெரியும்.

அப்போதுதான் அம்மா கண்டுபிடித்தார், வாஷிங்டன் கிராஸிங் ஸ்டேட் பார்க்கை. டெலவேர் ஆற்றங்கரை. கோடையில் சனி, ஞாயிறு வாசலில் கட்டணம் வாங்குவார்கள். அதிலும் தலைக்குக் காசில்லை, வண்டிக்குத்தான். இந்த ஒரு விதியைத் தமிழர் கையில் கொடுத்தால் என்ன ஆகும், நடுவரே? ஏழு பேர் உட்காரும் மினிவேனில் இரண்டு குடும்பம், ஒரு சீட் மிச்சமில்லை, கால் வைக்கிற இடத்தில் ஃபாயில் ட்ரேயில் புளியோதரை, மடியில் தயிர்சாதம். அடுப்பில் கரி போட்டுச் சோளம் சுட்டு, எலுமிச்சம்பழத்தை மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தால், பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் என்ன வாசனை என்று கேட்டு வருவார்கள். கேட்காமலேயே வருவது கனடா வாத்து. என் தம்பி கையிலிருந்த இட்லியைப் பறித்துக்கொண்டு போன அந்த வாத்தை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

‘பார்க்க ஒன்றுமில்லை’ என்றார்களே, அதற்கு வருகிறேன். 1776 டிசம்பர் 25 இரவு, பனிக்கட்டி மிதக்கும் அந்த ஆற்றை ஜார்ஜ் வாஷிங்டன் சுமார் 2,400 வீரர்களோடும் 18 பீரங்கிகளோடும் படகில் கடந்து எங்கள் பக்கம் இறங்கினார். மறுநாள் காலை ட்ரென்டனில் இருந்த, பிரிட்டிஷாருக்காகப் போரிட்ட ஜெர்மானியர்களான ஹெஸ்ஸியப் படையை மடக்கினார். இந்த நாட்டுச் சரித்திரமே திரும்பிய கரை அது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் அதே உடையில், அதே மாதிரிப் படகில், பென்சில்வேனியாக் கரையிலிருந்து நடித்துக் காட்டுகிறார்கள். நாங்கள் புடவைக்கு மேல் கோட்டு போட்ட அம்மாவோடு போய் நிற்போம். ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் அதிகம், படகு விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வாஷிங்டன் படை துப்பாக்கியோடு பாலத்தில் நடந்தே வந்துவிட்டது! அம்மா கேட்டார்: “இவ்வளவு பெரிய பாலத்தை வெச்சுக்கிட்டா அந்தாளு அன்னிக்குப் படகுல போனாரு?” பாலம் 1904-இல் கட்டியது என்று நான் சொல்லித் திருத்த வேண்டியிருந்தது. பெரிய பாலமா அது? எதிரே கார் வந்தால் பக்கக் கண்ணாடி உரசிவிடுமோ என்று பயப்படும் அளவுக்குக் குறுகல்.

ஆனால், நடுவரே, நான் சொல்ல வந்தது சரித்திரம் அல்ல. என் அப்பா குளித்தலைக்காரர். காவிரிக்கரையில் பிறந்தவர். ஒரு ஏப்ரல் மாதம், கரையில் ஷாட் மீன் பிடிக்க வந்த ஒரு தாத்தா எங்களுக்குப் பேச்சுத் துணையானார். கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வரும் மீன் அது. “இந்த ஆற்றுக்குக் குறுக்கே எங்கேயும் அணை இல்லை, அதனால்தான் இவ்வளவு தூரம் ஏறி வருகிறது” என்றார் தாத்தா. அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. தமிழில் என்னிடம் கேட்டார்: “அப்ப ஜூன் 12-ஆம் தேதி தண்ணி திறந்து விடறது யாரு?”

(சிரிக்கிறீர்கள். காவிரி டெல்டாக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை, பாருங்கள்.)

நான் அதை மொழிபெயர்த்தேன். தாத்தா விழித்தார். உடனே அப்பா குனிந்து, ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் கோடு போட ஆரம்பித்தார். இது மேட்டூர், ஜூன் 12-இல் தண்ணீர் திறக்கும் அணை. இது முக்கொம்பு, இங்கே கொள்ளிடம் பிரிகிறது. இது கல்லணை, ராஜா கட்டியது. கோடு நீண்டுகொண்டே போய்த் தாத்தாவின் மீன் வாளியைச் சுற்றி வளைந்தது. அந்தப் பெரியவரும் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டார். பல மாதமாக வீட்டில் ‘ம்’, ‘இல்லை’, ‘சரி’ என்று மட்டும் பேசிய மனிதர் அன்று அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார், நடுவரே. ஒரு தூண்டில் இரவல் வாங்கி என் கையில் கொடுத்தார். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இங்கே மீன்பிடி லைசென்ஸ் வேண்டாம், அப்பாவுக்கு வேண்டும். ஆகவே தூண்டில் எனக்கு, மேற்பார்வை அவருக்கு. மீன் விழவில்லை, அது வேறு விஷயம்.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு, இன்னொரு நாள் துள்ளிக்கொண்டு வந்தார். “டெலவேருக்கும் கேஸ் இருக்கு!” நியூயார்க் நகரம் உபநதிகளில் தண்ணீரைத் தேக்கி எடுக்க, நியூஜெர்சி மாநிலம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 1931-லும் 1954-லும் தீர்ப்பு. ஆற்றுத் தகராறு நம் ஊரில் மட்டும் இல்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆறுதல்.

2004, 2005, 2006 என்று அடுத்தடுத்து மூன்று வருஷம் டெலவேரில் வெள்ளம் வந்தது. 2006-இல் தண்ணீர் வடிந்த பிறகு போனபோது கரையோர மரங்களில் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. அப்பா ஒரு மரத்துக் கோட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, 1977 நவம்பர் வெள்ளத்தில் மாடியில் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னார். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. கீழே திண்ணையில் தண்ணீர் ஏற ஏற, ஆயா முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது ஊறுகாய் ஜாடியையாம்! அந்தக் கதையை வீட்டு சோபாவில் உட்கார்ந்து அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு ஒரு ஆறு வேண்டியிருந்தது. செய்வதற்கு வேறு வேலை இல்லாத ஒரு மதியமும் வேண்டியிருந்தது.

எல்லாமே இனிமை என்று சொல்ல மாட்டேன். வீடு திரும்பினால் அம்மா டார்ச் லைட்டோடு நிற்பார். உண்ணி பார்க்க வேண்டும். லைம் காய்ச்சலைக் கொண்டுவரும் மான் உண்ணி எள்ளு அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால், முட்டிக்குப் பின்னால், தலையில் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்ப்பார். அந்த விரல் பட்ட இடம் இன்னும் நினைவிருக்கிறது எனக்கு. தீம் பார்க் போய்வந்தால் யார் நம் தலையைப் பார்த்தார்கள்?

இப்போது அந்த ரோலர் கோஸ்டர். பிற்பாடு வேலை கிடைத்து, நாங்களும் தீம் பார்க் போனோம். வரிசையில் ஒன்றரை மணி நேரம், ஓட்டம் இரண்டு நிமிஷம். கத்தினேன், மறக்கவில்லைதான். ஆனால் நான் கத்தியபோது அப்பா எங்கே இருந்தார்? கீழே, கம்பிக்கு வெளியே, நாலு பேருடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் சுமந்துகொண்டு நின்றார். அம்மா டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிக்கொண்டிருந்தார். வாசலில் விற்ற போட்டோவில் நானும் தம்பியும் வாயைப் பிளந்தபடி இருக்கிறோம். எதிரணி அண்ணன் வீட்டிலும் அதே போட்டோ இருக்கும், முகம் மட்டும் வேறு.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. அரை நிமிஷம். அடுத்து மேடைக்கு வரும் எதிரணி அக்கா, பெரிய ராட்டினம், வாணவேடிக்கை எல்லாவற்றையும் பற்றிப் பேசட்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்: தீம் பார்க் வரிசையில் உங்கள் அப்பா சொன்ன கதை எது, அக்கா? பதில் வந்தால் என் வாதத்தை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.